ஈரச்சுவரும் யதார்த்தவாதமும்: மலையக இலக்கியத்தில் லயத்தின் குளிர் பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழிலே மார்க்சிய இலக்கிய விமர்சனம் வேரூன்றத் தொடங்கிய காலந்தொட்டு மிகுதியாக எடுத்தாளப்பட்டு வந்த ஆவணங்களுள் ஒன்று, 1888ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரெடெரிக் ஏங்கெல்ஸ், மார்கிரெற் ஹார்க்னெஸ் என்னும் ஆங்கில எழுத்தாளருக்கு வரைந்த கடிதமாகும். யதார்த்தவாதம் என்பது விவரங்கள் உண்மையாயிருத்தலோடு அமைந்துவிடுவதன்று. வகைமாதிரியான மாந்தரை வகைமாதிரியான சூழ்நிலைகளில் வைத்துக் காட்டுதலும் அதற்கு வேண்டும் என்னும் கருத்து அக்கடிதத்தின் வழியாகவே நம் விமர்சகர் பலருக்கு அறிமுகமாயிற்று. ஆயின் அக்கடிதம் எந்த நாவலைப் பற்றி எழுதப்பட்டது, அந்நாவலின் மாந்தர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர் என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. கலாநிதிப் பட்ட ஆய்வின்போது நானும் அக்கடிதத்தைப் பலமுறை மேற்கோள் காட்டியவன். நாவலைப் படித்தது சில ஆண்டுகள் கழித்தே என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

ஹார்க்னெஸ், ஜோன் லோ என்ற புனைபெயரில் 1887இல் வெளியிட்ட 'எ சிற்றி கேர்ள்' கிழக்கு இலண்டனைக் களமாகக் கொண்டது. காற்சட்டை தைத்துப் பிழைக்கும் நெலி அம்புறோஸ் என்ற பெண் அதன் தலைவி. அவள் வாழும் குடியிருப்புத் தொகுதி ஆசிரியரின் வெறுங்கற்பனையன்று. ஏழைகளுக்கு வீடமைக்கவென நிறுவப்பட்ட கம்பனியொன்று 1885இல் திறந்த கதரின் கட்டடங்களே அதற்கு மூலம். பீற்றிஸ் பொற்றர், அதாவது பின்னாளில் பீற்றிஸ் வெப் எனப் புகழ்பெற்றவர், அங்கு வாடகை தண்டும் பணியைச் செய்திருந்தார். வரிசையாக ஒற்றையறைகள், அறைக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை, குழாயும் மலகூடமும் எல்லோருக்கும் பொது, குடியிருப்போரின் நடத்தையை வந்து நோக்கிச் செல்ல ஒருவர். இன்று சமூக வீடமைப்பு என வழங்கும் முறையின் மூதாதையருள் ஒன்று இது. யதார்த்தவாதம் பற்றிய நமது மூலவாக்கியம், அவ்வாறாக, ஒரு வாடகைக் குடியிருப்பைப் பற்றிய நாவலை முன்வைத்தே பிறந்தது.

அந்நாவலில் தொழிலாளி வர்க்கம் தனக்குத்தானே உதவிக்கொள்ள மாட்டாத செயலற்ற திரளாகத் தோன்றுகிறது என்பதே ஏங்கெல்ஸ் கூறிய குறை. அக்குறையை ஏற்றுக்கொள்ளலாம். எனினும் 'சூழ்நிலை' என்ற சொல்லை அவர் கையாண்டபோது அதனுள் சுவரும் கூரையும் நிலவறையும் அடங்கியிருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. மான்செஸ்ரர்த் தொழிலாளரின் ஈரம் கசியும் நிலவறைகளைத் தெருத்தெருவாகச் சென்று கண்டு 1845இல் நூலாக்கியவர் அவர். 1872-73இல் வீட்டுப் பிரச்சினை பற்றித் தனிக் கட்டுரைத் தொடரும் எழுதினார். நம்மவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு கட்டுரைத் தொடரை விட்டுவிட்டனர். அதன் விளைவாகத் தமிழ் விமர்சனத்தில் 'சூழ்நிலை' என்பது உற்பத்தி உறவுகள் என்ற பொதுப்பெயராகச் சுருங்கிற்று. அவ்வுறவுகள் இரவில் எந்தத் தரையில் படுத்துறங்கின என்ற கேள்வி எழவில்லை. அக்கேள்வியை மலையக இலக்கியத்தின்பாற் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயன்களைச் சமூக வீடமைப்பு எனலாமா என்ற ஐயம் எழக்கூடும். அவை முதலாளி தன் தொழிலாளரை வேலைத்தலத்துக்கு அருகே நிறுத்திவைப்பதற்காகக் கட்டியவை. ஆயினும் 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமைத்துவம் மட்டுமே பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஆகவே அரை நூற்றாண்டாக லயன்களிற் பெரும்பாலானவை பொதுவுடைமையான நிலத்தில் நிற்கும் குடியிருப்புகளேயாம். பொது வீடமைப்பின் பெயர் மட்டுமே அவற்றுக்குக் கிட்டவில்லை.

2

இலங்கை வெப்பநாடு என்பது பள்ளிப் பாடநூல் நமக்குத் தந்த முதற் படிமம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலுமிருந்து எழுதும் விமர்சகருக்கு வீடு என்பது வெயிலிலிருந்து காக்கும் நிழல். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். ஆண்டின் தொடக்க மாதங்களில் அதிகாலையில் தரையில் உறைபனி படிவதுமுண்டு. மேற்குச் சரிவில் வட்டவளை போன்ற இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுவன. குளிர்ந்த, மிதவெப்பக் காலநிலைப் பிரதேசங்களில் வீட்டின் உள்வெப்பம் 18 பாகைக்குக் குறையலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. மலையுச்சித் தோட்டங்களைக் காலநிலையால் அவ்வகையிற் சேர்த்தே எண்ண வேண்டும். ஆயினும் வெப்பநாடு என்ற படிமத்தின் கீழ் அவை மறைந்துபோகின்றன.

இக்குளிரை லயன் எவ்வாறு எதிர்கொள்கிறது? பழைய லயன்களின் சுவர்கள் பெரும்பாலும் கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பப்பட்டவை. நிலத்து ஈரம் சுவர்வழி மேலேறாமல் தடுக்கும் படை அவற்றின் அத்திவாரத்தில் இல்லை. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த இடங்களில் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். மழைக்காலத்தில் மலையின் ஊற்று அச்சுவரின் வழியாக வடியும். மேலே உட்கூரையற்ற தகரம். இரவில் தகரம் விரைவாகக் குளிர்கிறது. உள்ளே உறங்குவோரின் மூச்சும் உலையின் ஆவியும் அக்குளிர்ந்த பரப்பில் ஒடுங்கி நீராகின்றன. விடியுமுன் அந்நீர் துளித்துளியாகப் படுக்கையில் விழுகிறது. வெளியே மழை நின்ற பின்னும் உள்ளே தூறும் வீடு அது. கொழுந்து மலையில் நனைந்த சேலையும் படங்குச் சாக்கும் கறுப்புக் கம்பளியும் காயவேண்டிய இடமும் அதே அறைதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவு அனைவரும் அறிந்தது. அறியப்படாதது அவ்வளவுக்குள் அடங்கும் நீரின் அளவு.

இரட்டை லயன் இன்னும் கொடியது. முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகளில் எந்த அறைக்கும் பின்புறத் திறப்பு இல்லை. காற்று ஒரு வாயிலால் நுழைந்து மறுவாயிலால் வெளியேற வழியில்லை. இவ்வகை முதுகொட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை இங்கிலாந்தின் 1909ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் தன் நாட்டுத் தொழிலாளர் பொருட்டுத் தடைசெய்தது. அதே ஆட்சியின் கீழிருந்த மலைகளில் இரட்டை லயன்களிலே தலைமுறைகள் பிறந்து மடிந்தன.

சொற்களையும் இங்கு சற்று நோக்கலாம். 'லயன்' ஆங்கிலம், 'காம்பிரா' போர்த்துக்கேய வழிவந்தது, 'இஸ்தோப்பு' ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. இந்நாட்டை ஆண்ட மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் மொழிகளும் அச்சிறு குடியிருப்பிற் குடியேறியுள்ளன. குடியிருப்போரின் மொழிக்கு எஞ்சியது அடுப்பு ஒன்றே.

பிரித்தானியருக்கு இக்குளிர் வேறு பொருள் தந்தது. 1820களின் பிற்பகுதியில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் நுவரெலியாவை நலம்பெறு தலமாக்கினார். தாழ்நிலத்து வெப்பத்தால் நலிந்த வெள்ளையர் அங்கு சென்று உடல் தேறினர். பின்வந்த துரைமாரின் பங்களாக்களிலே விறகெரியும் கணப்படுப்புகள் அமைந்தன. ஒரே மலையின் ஒரே குளிர் மேலே மருந்தாகவும் கீழே நோயாகவும் இருந்தது. இடைநின்ற வேறுபாடு காலநிலையில் இல்லை. நெருப்பு யாருடைய அறையில், யாருடைய விறகால் எரிந்தது என்பதிலேயே இருந்தது.

3

தோட்ட நிருவாகத்துக்கு ஈரத்தைப் பற்றிய அறிவு இல்லாமற் போயிற்று என்று எவரும் வாதாட முடியாது. ஈரத்தை அளந்து ஆளும் கலையே தேயிலை உற்பத்தி. கொழுந்தை வாட்டும் தட்டில் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் தொங்குகின்றன. அவ்விரண்டின் வேறுபாட்டைப் பார்த்து, காற்று ஈரமாயிருப்பின் சூடேற்றிய காற்றைக் கலந்து செலுத்துவர். நொதிக்கும் அறைக்குரிய குளிர்ச்சியும் ஈரமும் தனியே பேணப்படும். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே எஞ்சும். அதன் பின்னர் ஒரு துளி ஈரமும் புகாதவாறு உலோகத் தாள் பதித்த பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினர். கொழுந்து நனைந்திருந்தால் விலை குறையும். பறித்தவள் நனைந்திருந்தால் எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு நிரல் இல்லை. தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் இடையே சில நூறு யார் தூரந்தான். வெப்பமானி அத்தூரத்தைக் கடக்கவில்லை.

பண்டத்துக்கு உலர்ந்த அறையும் உழைப்பாளிக்கு ஈர அறையும் என்ற இம்முரணை மலையகப் படைப்பாளிகள் கருப்பொருளாக்கியுள்ளனரா?

4

மலையகத்தின் துயர் தமிழ்ப் புனைகதையில் இடம்பெற்ற தொடக்க முயற்சிகளுள் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) குறிப்பிடத்தக்கது. அதன் சினம் மெய்யானது. ஆயின் அது தொலைவிலிருந்து எழுதப்பட்டது. தோட்டம் அங்கே மனிதரை விழுங்கும் பள்ளமாக நிற்கிறதேயன்றி மனிதர் உறங்கி எழும் இடமாக உருப்பெறவில்லை. மண்ணிலிருந்தே எழுதியோரிடம் வேறொரு நிலை காண்கிறோம். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதைக்கு ஒரு திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. கொழுந்தின் நிறையும் அதைப் பறித்த பெண்ணின் தன்மானமும் அங்கே ஒன்றாகின்றன. எனினும் கதையின் உயிர் மலையிலும் நிறுவைத் தராசிலும் இருக்கிறது. உழைப்பைச் சித்திரிப்பதே முற்போக்கு இலக்கியத்தின் முதற்கடன் என்றிருந்த காலத்தில் இது இயல்பே. உழைப்புச் சக்தி நாள்தோறும் மீளவும் உருவாக்கப்படும் இடமாகிய காம்பிரா, அதனாலேயே, பின்னணித் திரையாக ஒதுங்கிற்று.

பனியும் முகிலும் வருணனைகளாகப் பெருகின. வீரகேசரி வெளியிட்ட 'கதைக்கனிகள்' (1971) தொகுதிக்குப் பின்வந்த மலையகக் கதைகள் பலவற்றிலே முதற் பந்தி பனிமூட்டத்தோடு தொடங்குவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. மலையைப் போர்த்திய வெண்துகிலாகப் பனி வருணிக்கப்படும். இரண்டாம் பந்தியிற் பிரட்டுக்களத்துத் தப்பு ஒலிக்கும். பனி வெளியே இருக்கும்வரை அது இயற்கை. சுவருக்குள் நுழைந்ததும் அது உடைமை உறவு. முதற் பந்தியைப் பாராட்டிய நமது விமர்சகர்கள், எழுத்தாளரைச் சுவருக்கு வெளியே நிற்கவே ஊக்கினர் என்பேன். நகரத்து வாசகன் சுற்றுலாப் பயணியின் கண்ணோடு படித்தான். விமர்சகனும் அவ்வாறே படித்தான்.

இதற்கு விலக்காக நிற்பது தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்'. ஒற்றைக் காம்பிராவில் வளர்ந்த பிள்ளைகளோடு நெருங்கிப் படுக்க வேண்டிய குடும்பத்தின் ஓர் இரவு, அவ்விருளில் நேரும் ஒரு தவறு, அதன் வெட்கம், இன்னொரு காம்பிரா வேண்டித் தகப்பன் படும் பாடு என்று விரியும் கதை அது. ஒழுக்கம் பற்றிய கதையாகவே இதைக் கண்டோர் உளர். அவ்வாசிப்பு போதாது. அறையின் அளவு மட்டுமா அவர்களை அவ்வாறு நெருக்கிற்று? கணப்பற்ற அறையில் ஒருவர் உடற்சூடே மற்றவருக்குப் போர்வை. யன்னலில்லாத சுவர் தந்த இருள், குளிர் தந்த நெருக்கம், இடமின்மை என்னும் மூன்றும் கூடியே அத்தவறைச் செய்கின்றன. இங்கே சூழ்நிலை மாந்தரின் பின்னால் நிற்கவில்லை. மாந்தரின் கையைப் பிடித்து நகர்த்துகிறது. ஏங்கெல்ஸ் ஹார்க்னெஸ்ஸிடம் எதிர்பார்த்துக் காணாதது இதுவே எனத் துணியலாம். தகப்பன் தன் நிலையை மாற்ற முயல்கிறான் என்பதால் செயலற்ற திரள் என்ற குற்றச்சாட்டும் இக்கதைக்குப் பொருந்தாது.

ஈரச்சுவரை விரிவாக எழுதுவது இயற்பண்புவாதமாகிவிடாதா என்ற தடை இவ்விடத்தில் எழும். எடுத்துரைத்தலையும் வருணித்தலையும் வேறுபடுத்தி 1936இல் லூகாச் எழுதிய கட்டுரையையும், கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) தொடக்கிவைத்த விவாதங்களையும் அறிந்தோர் இத்தடையை எழுப்புவது முறையே. அழுக்கையும் பூஞ்சணத்தையும் அடுக்கிக்கொண்டு போவதால் யதார்த்தம் பிறவாது. சுவர் ஈரமாயிருக்கிறது என்பது விவரம். அச்சுவரில் யன்னல் வெட்ட அங்கு மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு உரிமையில்லை, வெட்டவேண்டின் தோட்டத்துரையிடம் அனுமதி பெறவேண்டும் என்பது சூழ்நிலை. முதலாவதை எழுதி இரண்டாவதை விடுபவன் இயற்பண்புவாதி. இரண்டாவதை எழுதி முதலாவதை விடுபவன் துண்டுப்பிரசுரக்காரன்; இவ்வினத்தவர் நம்மிடையே குறைவில்லை.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான இப்பிணைப்பே லயத்தின் உண்மையான அத்திவாரம். பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலையோடு கூரையும் போயிற்று. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத் தொழிலாளர் வெளியேற்றத்தை எதிர்த்து நடத்திய போராட்டத்தில் வீடே போர்க்களமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கப் போராட்டத்தின் பின்னணியில் எழுதிய நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டது தற்செயலன்று. கூரையைக் காக்கவேண்டியவன் கூரையின் ஒழுக்கைப் பற்றி முறையிடத் தயங்குவான். ஈரம் இத்தயக்கத்தாலும் நிலைத்தது.

தமிழகத்து வால்பாறை மலைகளைப் பற்றிய ஒரு நாவலையும் இங்கு ஒப்பிட விரும்புகிறேன். பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்தது அது. ஆசிரியர் தோட்ட மருத்துவராகப் பணியாற்றியவர். குளிரும் மழையும் காய்ச்சலும் அந்நாவலில் அலங்காரமாக வருவதில்லை. நோயாளியின் உடலிலிருந்து பின்னோக்கிச் சென்று அவன் வாழும் இடத்தையும் கூலியையும் காணும் மருத்துவரின் பார்வை அதில் உண்டு. அழகியல் நோக்கிற் குறைகள் பல கூறலாம். ஆயினும் நோயை வீட்டோடும் வீட்டைக் கூலியோடும் இணைக்கும் அச்சங்கிலி நமது தேர்ந்த எழுத்தாளர் பலரிடமும் இல்லாதது.

5

ஈரத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்னும் வாதம் பழையது, இன்றும் அழியாதது. 'அவர்களுக்கு யன்னலைத் திறக்கும் பழக்கமில்லை', 'புகைக்குள் வாழ்ந்தே பழகிவிட்டார்கள்' என்னும் பேச்சைத் தோட்டங்களோடு பழகிய எவரும் கேட்டிருப்பர். இப்பேச்சு மலையகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை ஏங்கெல்ஸின் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள றொச்டேல் நகரில் நிகழ்ந்த ஒரு மரணம் காட்டுகிறது. அங்கு சமூக வீடமைப்பு நிறுவனமொன்றின் தொடர்மாடி வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. வீட்டின் பூஞ்சணத்துக்கு நெடுங்காலம் ஆட்பட்டதே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறிற்று. தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். மேலே வண்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குக் கூறப்பட்டது. சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றி ஆதாரமற்ற ஊகங்களைச் செய்ததைப் பின்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்குமுன், 2021இலேயே, ஈரமும் பூஞ்சணமும் வாழ்க்கை முறையின் விளைவல்ல என்பதைத் தலைப்பிலேயே கூறி வீடமைப்புக் குறைகேள் அதிகாரியின் அறிக்கை வெளிவந்திருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், அவசர ஆபத்துகளை 24 மணித்தியாலத்துள் கவனிக்கவும், கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலைநாளுள் ஆராயவும் சமூக வீடமைப்பு உரிமையாளரைக் கட்டுப்படுத்துகின்றன.

'வாழ்க்கை முறை' என்ற இச்சொல் ஒரு கதைசொல்லல் உத்தியாகும். சுவரின் கதையை மனிதனின் பழக்கத்தின் கதையாக மாற்றி எழுதுவது அதன் தொழில். இலக்கிய விமர்சகனுக்கு வீடமைப்பில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு இதையே விடையாகத் தருவேன்.

யன்னலைத் திறக்காமைக்குக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளின் முன், ஹற்றனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டச் சென்றிருந்தேன். ஆடி மாத மழை. பிற்பகலுக்குள் என் குறிப்பேட்டின் தாள்கள் துணிபோல் துவண்டு மை பரவத் தொடங்கிவிட்டது. பாடிக்கொண்டிருந்த முதியவள் பாட்டை நிறுத்தி, "ஐயா, பொஸ்தகத்த அடுப்புக்கு மேல பரண்ல வைங்க. இல்லாட்டி நாளைக்கு எழுத ஏலாது" என்றாள். பரணில் ஏற்கெனவே விறகும் ஒரு பள்ளிச் சீருடையும் இருந்தன. அவ்வடுப்பு சோறு சமைத்தது; அறையைச் சூடாக்கியது; துணியையும் விறகையும் இப்போது ஓர் ஆய்வாளனின் தாள்களையும் உலர்த்தியது. அவள் இருமிக்கொண்டே இருந்தாள். யன்னலைத் திறந்தால் புகையோடு சூடும் வெளியேறும். புகையா, குளிரா என்ற தேர்வையே அக்காம்பிரா அவளுக்கு விட்டிருந்தது. விறகடுப்பை ஒழிக்குமாறு அறிவுரை கூறும் சுகாதாரப் பிரசுரங்கள் முதற்பணிக்கு மாற்றுக் கூறுகின்றன. மற்றைய இரு பணிகளையும் யார் செய்வதென்று கூறுவதில்லை. தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரமும் விறகாலேயே சூடேற்றப்படுகிறது என்பதை ஒரு குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

6

லயன்கள் மெல்ல மாறிவருகின்றன. இந்திய உதவியுடன் 4,000 தனிவீடுகளைக் கட்டும் திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளுக்கான திட்டமும் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகளை உத்தேசித்தவை. இரு படுக்கையறைகளும் தனிச் சமையலறையும் உள்ள வீட்டில் 'மீன்கள்' கதையின் இரவு நிகழாது. ஆயின் தேவையின் அளவோடு ஒப்பிட இத்தொகை சிறிது; பெருந்தொகையினர் இன்னும் லயத்திலேயே உள்ளனர். அவர்களிற் பலர் தாமே கல் சுமந்து பின்புறத்தில் ஒரு குசினியை இறக்கியுள்ளனர், அனுமதியோடும் அனுமதியின்றியும். அவ்வொட்டுக் குசினிகளே லயன்களில் தொழிலாளர் தம் விருப்பப்படி கட்டிய முதலாவது கட்டடக்கலை. அவற்றைப் பற்றி ஒரு கதையையேனும் நான் படித்ததில்லை.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. இக்கட்டுரையில் நான் விரிவாக எடுத்துக்கொண்ட கதையில் அலைபவன் தகப்பன். மேலே பெயர் குறித்த படைப்பாளிகளும் ஆண்களே. பெண்கள் எழுதவில்லை என்பதன்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இலேயே வந்தது. ஆயினும் விடியுமுன் எழுந்து, இரவு தகரத்திலிருந்து ஒழுகி நனைந்த விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, அவ்வனலில் நேற்றைய ஈரச்சேலையைக் காட்டி, அது பாதி காயுமுன் உடுத்துக்கொண்டு பிரட்டுக்கு ஓடும் அந்த ஒரு மணிநேரத்தை அடுப்பின் முன்னிருந்து எழுதிய படைப்பு எதுவும் என் கைக்கு இதுவரை எட்டவில்லை. எங்கள் மாணவிகளுள் லயத்திலிருந்து வருவோர் ஆண்டுதோறும் கூடிவருகின்றனர். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டு அவர்களுள் ஒருவர் கடந்த தவணையில் என்னிடம் வந்தபோது, இந்த ஒரு மணிநேரத்தைப் பற்றித் தம் தாயாரிடம் கேட்டு எழுதிவருமாறு கூறினேன். முதற் பத்துப் பக்கங்கள் வந்துள்ளன.